படத்தில் வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாக விழுகிறதா?

கேமராவில் +/− என்று ஒரு பட்டனோ டயலோ இருக்கும். அதுதான் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன், கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாம் கூட்டவோ குறைக்கவோ உதவும் வசதி. பலர் அதைத் தொடுவதே இல்லை. அபர்ச்சர் பிரயாரிட்டியில் (லென்ஸ் துளையின் அளவை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் மோடு) எடுப்பவர்களுக்கு அதைவிடக் கைகொடுக்கும் வசதி வேறில்லை என்பேன்.

எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டருக்குத் தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தைக் கணக்கிடும். அதனால்தான் வெள்ளை வேட்டியும் சுண்ணாம்பு அடித்த சுவரும் ஃப்ரேமை நிறைத்தால் அழுக்கேறியது போல மங்கலாக வருகின்றன. +1 வையுங்கள். படத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் இரண்டு மடங்காகும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். எருமை மாட்டை அருகில் போய் எடுத்தால் நேர்மாறு, −1. இல்லாவிட்டால் அதன் கறுப்பு வெளுத்துப்போகும்.

ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் பாட்டியின் முகம் இருண்டு விழுகிறதா? +1 முதல் +2 வரை ஏற்றிப் பாருங்கள். வெளியே வானம் வெளிறிப்போகும். போகட்டும், முகம்தான் முக்கியம். பல போன்களில் திரையில் முகத்தைத் தொட்டதும் சின்னச் சூரியன் குறி வரும், அதை மேலே இழுத்தாலும் இதே வேலைதான்.

துளையையும் ஷட்டர் வேகத்தையும் நாமே வைக்கும் மேனுவல் மோடில் ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) நீங்களே வைத்திருந்தால் பெரும்பாலான கேமராக்களில் இந்த +/− படத்தை மாற்றாது. அப்புறம், கேமராவை அணைத்தாலும் பலவற்றில் அந்த +1 அப்படியே நிற்கும். எடுத்து முடித்ததும் 0-க்குத் திருப்பிவிடுங்கள்.