ஐப்பசி மழை முதல் மார்கழிப் பனி வரை: வீட்டுக் காய்கறிப் பாத்தி

திருநெல்வேலிப் பக்கம் வருஷத்தில் பெரும்பாலான நாள் தண்ணீர் பாய்ச்சுவதுதான் தோட்டக்காரரின் கவலை. ஐப்பசி பிறந்தால் நிற்கிற தண்ணீரை வெளியே அனுப்புவதுதான் கவலை. புதிதாகக் காய்கறி போடுகிறவர்கள் இங்கிருந்தே தொடங்குங்கள்.

1. வடிகால்
பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். நான்கடி அகலம் போதும், இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும். சுற்றிலும் மம்பட்டியால் வாய்க்கால் இழுத்து, தாழ்ந்த மூலையில் வழி வெட்டிவிடுங்கள். மழை பெய்யும்போதே குடை பிடித்துப் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

முதல் வருஷம் மழைக்குப் பிறகு என் கத்தரிச் செடிகள் வாடி நின்றன. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். காற்றில்லாமல் வேர் அழுகிப்போய், பதினோரு செடியில் இரண்டுதான் மிஞ்சின. மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் தயவுசெய்து தண்ணீர் விடாதீர்கள்.

2. கொத்துவது
மழை விட்டதும் இறங்கி மிதிக்க வேண்டாம். ஒரு பிடி மண்ணை உருட்டித் தட்டுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம், பிசுபிசுத்தால் காத்திருங்கள். செவல் மண் சீக்கிரம் ஆறும், கரிசல் நாளாகும். மழை சத்தைக் கரைத்துக்கொண்டு போயிருக்கும். அதனால் மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் சேர்த்துக் கொத்துங்கள்.

3. விதைப்பு
கார்த்திகைப் பாதியில் முள்ளங்கி ஊன்றினால் 45 நாளில், பொங்கலுக்குப் பிடுங்கலாம். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து விதையுங்கள்.

4. பனி
மார்கழியில் காலையில் மட்டும், வேரடியில் தண்ணீர் விடுங்கள். சாயங்காலம் நனைந்த இலை இரவுப் பனியில் காயவே காயாது, பூஞ்சணம் வரும்.

பகல் குறுகுவதால் அவரை இப்போதுதான் பூத்துக் குலுங்கும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் கூடவே வரும். கொடியில் எறும்பு ஏறினால், அசுவினி இருக்கிறதா என்று கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். விடியற்காலை, பனி ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவினால் நன்றாக ஒட்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல் கலந்து, பூவை விட்டுக் கொழுந்தில் தெளியுங்கள்.

5. சிறுகிழங்கு
ஆடி, ஆவணியில் நட்டிருந்தால் இலை மஞ்சளாகும்போது தண்ணீரை நிறுத்துங்கள். கொடி காய்ந்ததும், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிளறி, கையால் எடுங்கள். மம்பட்டி பட்டால் கிழங்கு வெட்டுப்படும். அப்புறம் சாக்கில் போட்டுத் தேய்த்தால் பாதித் தோல் அங்கேயே உரிந்துவிடும்.