கழுவாத உழவு இயந்திரப் பாகங்களை வாங்குவதும் விற்பதும்

பழைய உழவு இயந்திரத்திலிருந்து கழற்றிய பாகத்தை விற்க நினைப்பவர்கள், முதல் வேலையாக அதை டீசலில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மேலே வெள்ளிப் பூச்சும் பூசிவிடுகிறார்கள். விற்பவர் அதைச் செய்ய வேண்டாம் என்றும், அப்படிப் பளபளக்கும் பாகத்துக்கு வாங்குபவர் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். ஒரு பாகம் எங்கே கசிந்தது, எதனால் சூடேறியது, எத்தனை காலம் சேற்றில் நின்றது என்பதை அதன் மேலுள்ள அழுக்கே காட்டிக்கொடுக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏ9 வீதியோரக் கடையொன்றில், புதுப் பூச்சோடு இருந்த கியர்பெட்டி உறையொன்றை வாங்கினேன். பூட்டி, ஒயில் ஊற்றி, சேற்று உழவுக்கு இறக்கிய மூன்றாம் நாள் அடிப்பக்கத்தில் ஈரம் தெரிந்தது. பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோது ஒரு வெடிப்பும் அதன் மேல் அப்பியிருந்த பசையும் வெளிவந்தன. கழுவாமல் இருந்திருந்தால், கசிந்த ஒயிலும் தூசியும் அந்த வெடிப்பின் ஓரமாகக் கட்டிபட்டுக் கறுப்புக் கோடாகவே தெரிந்திருக்கும்.

வாங்கும்போது முதலில் ஒயிலைப் பாருங்கள். கியர்பெட்டிக்குள் மிச்சமிருக்கும் ஒயிலை விரலில் எடுத்து வெயிலில் பிடித்தால், அதில் மினுங்கும் தூள் தெரிகிறதா என்பது விளங்கும். அத்தூளில் ஒரு காந்தத்தைத் தோய்த்துப் பாருங்கள். மஞ்சளாக மினுங்கிக் காந்தத்தில் ஒட்டாதது புஷ்களின் (தண்டைத் தாங்கும் உலோக வளையங்களின்) பித்தளைத் தேய்வு. அது பெரும்பாலும் மாற்றக்கூடியது. ஊசி போன்ற இரும்புச் சீவல்கள் காந்தத்தில் ஒட்டி வந்தால், பற்களோ பேரிங்கோ உடைந்து போகின்றன என்று பொருள். அந்தப் பெட்டியைப் பழைய இரும்பு விலைக்கு மேல் வாங்க வேண்டாம். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. 1964 இல் அறிமுகமான மசி பேர்குசன் 135 வகை உழவு இயந்திரத்தில் ஹைட்ரோலிக் பம்ப் பின்பெட்டிக்குள் ஒயிலிலேயே மூழ்கியிருப்பதால், அங்கே தண்ணீர் புகுந்திருந்தால் கியரோடு பம்பையும் சந்தேகிக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய பாகத்தைத் தனியாக இனங்காண வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படி மூழ்கிய இயந்திரத்தின் உறைக்குள்ளே, தண்ணீர் நின்ற மட்டத்தில் மெல்லிய வண்டல் கோடு படிந்திருக்கும். வெளியே சேறு இருப்பது உழவு இயந்திரத்துக்கு இயல்பு. உள்ளே வண்டல் இருப்பது இயல்பன்று.

தீயில் வெந்த பாகம் அதைவிட ஆபத்தானது. 2009 இல் போரின் முடிவில் கைவிடப்பட்டு எரிந்துபோன வாகனங்களின் இரும்பு பல கைகள் மாறியிருக்கிறது. கிரீஸ் கருகிச் செதிலாக உரிந்து, உருக்கு நீலமும் செம்பழுப்புமாக நிறம் மாறியிருந்தால் அதன் பதம், அதாவது கடினத்தன்மை, போய்விட்டது. நல்ல கியர்ப் பல்லின் மேல் அரம் வழுக்கும்; பதம் போன பல்லில் அரம் கடிக்கும். காட்டோரத்தில் மண்ணுக்குள் கிடக்கும் இரும்பை நீங்களாகவே தோண்டி எடுக்காதீர்கள், தட்டிப் பார்க்கவும் வேண்டாம். வெடிபொருள் மிச்சங்கள் இன்னும் மண்ணில் இருக்கின்றன, இரும்பு சேர்க்கப் போனவர்கள் காயப்பட்டிருக்கிறார்கள். இடத்தைப் பொலிசாருக்கு அறிவித்துவிட்டு விலகுங்கள்.

விற்பவர், கழுவாமல் விற்பது என்றால் கிடந்தபடியே தூக்கிக் கொடுப்பது என்று எண்ணக் கூடாது. ஒயிலை வடித்து, அதில் ஒரு சிறு போத்தல் அளவை வாங்குபவருக்குக் காட்ட எடுத்துவைக்க வேண்டும். கட்டியாக அப்பிய களிமண்ணை மரத்துண்டால் தட்டி எடுக்கலாம், ஆனால் கசிவுக் கறைகளைத் தொடக் கூடாது. எல்லா வாய்களையும் துணியோ கட்டையோ வைத்து அடைக்க வேண்டும். குறிப்பாக, டீசலை என்ஜினுக்கு அழுத்தி அனுப்பும் இஞ்செக்டர் பம்பின் உட்பாகங்களுக்கிடையிலான இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான். ஒரு துகள் மணல் அதைக் கெடுத்துவிடும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலும் கெட்டுவிடும். எந்த இயந்திரத்திலிருந்து எப்போது, ஏன் கழற்றப்பட்டது என்று எழுதி ஓர் அட்டையைக் கட்டிவிடுங்கள். என்ஜின் கட்டை என்றால், அதன் இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று இருவரும் சேர்ந்து பார்த்து, பற்றுச்சீட்டிலும் அதை எழுத வேண்டும்.

விலை பேசும்போது கழுவும் கூலியையும், புதிய ஒயில் சீல், கஸ்கெற் ஆகியவற்றின் செலவையும் கழித்துப் பேசுவது நியாயம். காலபோக (மாரி நெற்செய்கை) உழவுக்கு மழை நெருங்கும் புரட்டாதியில் எல்லோரும் ஒரே பாகத்தைத் தேடுவார்கள். முடிந்தால் அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின் கழுவுங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ போதும். பெற்றோல் வேண்டாம்; அதன் ஆவி ஒரு சிறு பொறியிலேயே தீப்பற்றும். கோஸ்ரிக் சோடா அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால் பிஸ்டனையும் அலுமினிய மூடிகளையும் அதில் போடக் கூடாது. பழைய பிரேக், கிளட்ச் தூசியில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வார்ப்பிரும்பு உறையில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று அறிய, மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சோக்குத் தூளைத் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே நின்ற எண்ணெய் ஊறிவந்து வெண்மையின் மேல் கோடாகத் தெரியும்.

கழுவிய எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். மூடியுள்ள பழைய கொள்கலனில் சேர்த்துவைத்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜ் ஒன்றில் ஒப்படையுங்கள்.