ரத்தம் ஏற்றும்போது பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியவை

மும்பையில் வார்டு நர்ஸாக வேலை பார்க்கிறேன். தாராவி, சயான் பக்கத்துத் தமிழ் ஆட்கள் எங்களிடம் நிறைய வருவார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும், "தம்பி வெளியே நிக்கிறான், அவன் ரத்தத்தையே ஏத்துங்க சிஸ்டர்" என்பார்கள். தம்பி ரத்த வங்கியில் கொடுக்கட்டும், அது வேறு யாருக்காவது போகட்டும். நெருங்கிய சொந்தத்தின் வெள்ளை அணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியம் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே பெருகி அவரையே தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். சொந்தக்காரர் ரத்தம்தான் என்றால், கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும்.

பை வந்ததும் அதன் சீட்டையும் கையில் கட்டிய பட்டையையும் கேஸ் பேப்பரையும் நாங்கள் ஒத்துப் பார்ப்போம். நீங்களும் எட்டிப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். ஒரே வார்டில் இரண்டு செல்வி இருப்பது சகஜம். ஏ வகைக்காரருக்கு பி ரத்தம் போனால், அதை எதிர்க்கும் பொருள் அவர் உடம்பில் ஏற்கெனவே தயாராக இருக்கும். சில நிமிடங்களிலேயே சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். அதனால்தான் முதல் 15 நிமிடம் மெதுவாக விடுகிறோம். டீ குடிக்கப் போவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சிரைப்பு, கறுத்த சிறுநீர், உடம்பெல்லாம் தடிப்பு, எது வந்தாலும் உடனே கூப்பிடுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று குழாயின் சக்கரத்தை மட்டும் திருகாதீர்கள். இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

கிராஸ் மேட்ச், அதாவது பை ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை, தாமதமானால் சண்டை வேண்டாம். பாம்பே வகை என்ற அபூர்வ ரத்தத்தை 1952-ல் டாக்டர் பெண்டே குழுவினர் அறிவித்தது இந்த ஊரில்தான். சாதாரணச் சோதனையில் ஓ போலத் தெரியும், ஆனால் அந்த வகைக்காரருக்கு ஓ ரத்தமும் ஆகாது. இதுபோன்றதைப் பிடிக்கத்தான் அந்தச் சோதனை.

ஆபத்து அன்றோடு முடிவதில்லை. ஏ, பி, ஆர்ஹெச் தவிர கெல், கிட், டஃபி என்று சிவப்பணுவில் இன்னும் பல அடையாளங்கள் உண்டு. வழக்கமாக அவற்றைப் பொருத்திப் பார்ப்பதில்லை. உடம்பு அவற்றை எதிர்க்கும் பொருளை, அதாவது ஆன்டிபாடியை, தயாரிக்கலாம். நாளடைவில் அது குறைந்து, அடுத்த முறை சோதனையில் தெரியாமலே போகும். அதே அடையாளம் கொண்ட ரத்தம் மறுபடி ஏறினால் உடம்பு நினைவு வைத்துத் தாக்கும். 3 முதல் 14 நாளுக்குள், பெரும்பாலும் வீட்டுக்குப் போனபின், கண் மஞ்சளாகும், ஹீமோகுளோபின் இறங்கும். நம் ஆட்கள் மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைக்க உட்கார்ந்துவிடுவார்கள். அரைக்க வேண்டாம், ரத்தம் ஏற்றியதைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.

அதற்காகவே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, பை எண், ஏற்றியது சிவப்பணுவா பிளாஸ்மாவா, வந்த ஒவ்வாமை, ஆன்டிபாடி இருந்தால் அதன் பெயர், எல்லாம் அதில் இருக்கட்டும். கர்ப்பமானாலும் ஆன்டிபாடி உருவாகலாம், பெண்கள் அதையும் சொல்ல வேண்டும். அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா குழந்தைக்கு, உடம்பில் தேங்கிய இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் குறியுங்கள். ஒவ்வொரு பையும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பை உடம்பில் சேர்க்கிறது.

சிறு பிள்ளைக்குச் சிவப்பணு ஏற்றியிருந்தால் தட்டம்மை ஊசியை வழக்கமாக 6 மாதம் தள்ளிப்போடுவார்கள். கொடையாளியின் ஆன்டிபாடி அந்த ஊசியை வேலை செய்யவிடாது. சிறுநீரக மாற்றுக்குக் காத்திருப்பவர் என்றால் ரத்தம் ஏற்றுமுன்பே அதைச் சொல்லிவிடுங்கள். புது ஆன்டிபாடி வந்துவிட்டால் பொருந்துகிற சிறுநீரகம் கிடைப்பது கடினமாகிவிடும்.