பழைய கமடோர் பிளாப்பியைப் பிரதி எடுக்கிறீர்களா? பிழையைப் பிடிப்பது இப்படித்தான்

கமடோர் 64 என்ற 1980களின் வீட்டுக் கணினியின் பிளாப்பியை இன்றைய கணினிக்கு மாற்றினால் டி64 என்ற இமேஜ் கோப்பு, அதாவது வட்டின் முழு நகல், கிடைக்கும். அளவு 1,74,848 பைட். எல்லா செக்டாரும் (வட்டில் தரவு பிரித்து வைக்கப்படும் சிறு துண்டு) ஒழுங்காக வந்திருந்தாலும் இதே அளவுதான், பாதி வராமல் போயிருந்தாலும் இதே அளவுதான். படிக்க முடியாத இடத்தை மென்பொருள் எதையாவது போட்டு நிரப்பிவிடும். அதனால் அளவு சரியாக இருக்கிறதே என்று நம்பி வட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கமடோரின் 1541 பிளாப்பி டிரைவ், அதை யுஎஸ்பியில் இணைக்கும் ஜூம்பிளாப்பி, வட்டைப் படிக்கும் ஓப்பன்சிபிஎம் மென்பொருள் ஆகியவை கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

1. வட்டைப் போடுவதற்கு முன்

உறையின் திறப்பு வழியே வட்டை மெல்லச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதை அப்படியே போட்டால் வட்டைப் படிக்கும் ஹெட் அழுக்காகும், அடுத்து வரும் நல்ல வட்டையும் அது கீறும். ஓரத்தில் உள்ள வெட்டை ஒளி புகாத டேப்பால் மூடுங்கள். 5.25 அங்குல வட்டில் வெட்டை மூடினால்தான் எழுதுவது தடைபடும். 3.5 அங்குலத்தில் இது தலைகீழ், அங்கே துளை திறந்திருக்க வேண்டும்.

முதலில், போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு வட்டைப் படித்து டிரைவைச் சோதியுங்கள். அரிய வட்டை வைத்து டிரைவைச் சோதிப்பது மடத்தனம்.

2. பிழை வரைபடத்தோடு படியுங்கள்

வட்டில் 35 டிராக்குகள் (வட்டப் பாதைகள்), மொத்தம் 683 செக்டார்கள். படிக்கும் கட்டளையிலேயே பிழை வரைபடத்தை, அதாவது எந்த செக்டார் சரி, எதில் பிழை என்ற பட்டியலை, சேர்க்கும் விருப்பம் இருக்கிறது, அதைப் போடுங்கள். செக்டாருக்கு ஒரு பைட் வீதம் 683 பைட் கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும், அளவு 1,75,531 ஆகும். பயன்பாட்டில் உள்ள செக்டார்களை மட்டும் படிக்கும் விருப்பம் வேகமானதுதான், ஆனால் ஆவணப்படுத்தும்போது வேண்டாம். அழிக்கப்பட்ட கோப்புகளின் மிச்சம் அதில் விடுபட்டுப் போகும்.

3. எண் என்ன சொல்கிறது?

கோப்பின் கடைசிப் பகுதியை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். 1 என்பது நலம். 5 வந்தால் டிரைவின் மொழியில் பிழை 23, அதாவது தரவு கிடைத்தது, செக்சம் (சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகவில்லை. திரும்பப் படித்தால் இது சரியாக வர வாய்ப்பு உண்டு. 2 என்பது பிழை 20, செக்டாரின் தலைப்பே அகப்படவில்லை. 3 என்பது பிழை 21, தரவு தொடங்கும் இடத்தைக் காட்டும் ஒத்திசைவுக் குறியே இல்லை. ஒரு டிராக் முழுக்க 3 என்றால் அந்த டிராக் ஃபார்மட் ஆகாமலே இருந்திருக்கலாம்.

இன்னொரு சங்கதி: விலைக்கு வந்த விளையாட்டு வட்டுகளில் நகலெடுப்பைத் தடுக்க வேண்டுமென்றே பிழை வைத்திருப்பார்கள். அந்தப் பிழையைத் 'திருத்தினால்' விளையாட்டு ஓடாமல் போகலாம். ஒரே விளையாட்டின் இரண்டு வட்டுகளில் அதே இடத்தில் அதே பிழை வந்தால், அது அனேகமாகச் சேதம் அல்ல.

4. பிழை எங்கே இருக்கிறது?

எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். டிராக் எண் கூடக் கூடப் பிழையும் கூடினால் டிரைவைச் சந்தேகியுங்கள், வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு டிராக் மட்டும் மொத்தமாகப் போயிருந்தால் கீறலாக இருக்கலாம். டிராக் 18இல் பிழை வந்தால் பதற வேண்டாம். கோப்புப் பட்டியல் அங்கேதான் இருக்கிறது, அது போனாலும் கோப்புகள் வேறு டிராக்குகளில் பத்திரமாக இருக்கக்கூடும். ஒதுக்கப்படாத செக்டாரில் பிழை என்றால் பெரிய இழப்பில்லை.

5. திரும்பப் படித்து ஒப்பிடுங்கள்

பிழையே வராத வட்டையும் இன்னொரு முறை படியுங்கள். 1541 ஒவ்வொரு செக்டாருக்கும் வைத்திருக்கும் செக்சம் ஒரே ஒரு பைட், 256 தரவு பைட்டுகளை எக்ஸார் (பிட்டுக்குப் பிட் ஒப்பிடும் கணக்கு) செய்து வருவது. இரண்டு பைட்டுகளில் ஒரே இடத்து பிட் புரண்டால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, பிழை தெரியாமலே போய்விடும். அபூர்வம்தான், ஆனாலும் நடக்கும். இரண்டு இமேஜ்களுக்கும் எஸ்ஹெச்ஏ-256 என்ற கைரேகை எண்ணைக் கணக்கிடுங்கள். ஒத்துப்போனால் சரி. இல்லாவிட்டால் எந்த செக்டாரில் வித்தியாசம் என்று தேடுங்கள்.

பிழை தொடர்ந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, காய்ந்த பிறகு மறுபடி படியுங்கள். முதல் தடவை விட்டுப்போன செக்டார் இரண்டாம் தடவை வந்தால், இரண்டு இமேஜிலும் நல்லதை எடுத்து ஒன்றாக்கலாம். மூல இமேஜ்கள் இரண்டையும் அழிக்காமல் வைத்திருங்கள். உரசும் சத்தம் கேட்டால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். மேற்பூச்சு உதிர ஆரம்பித்திருக்கும், ஒவ்வொரு சுற்றும் இன்னும் கொஞ்சம் தின்றுவிடும்.

அப்புறமும் வராத வட்டுக்கு, செக்டாராகப் பிரிக்காமல் காந்த மாற்றங்களையே பதிவு செய்யும் கிரீஸ்வீசல் (Greaseweazle) போன்ற கருவி இருக்கிறது. ஒரே டிராக்கைப் பல சுற்றுகள் பதிந்து கொள்ளலாம், வட்டை மேலும் சுழற்றாமல் பிறகு நிதானமாக அலசலாம்.