காசுப் பேச்சை முதலில் முடியுங்கள், அப்புறம் கேமராவைத் தூக்குங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள், மாப்பிள்ளை கையில் தாலி, நான் மணவறைக்கு வலது பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் ஃபோன் துடித்தது. அடுத்த மாதக் கல்யாணத்துக்காரர். முன்பணம் எவ்வளவு என்று மூன்று நாளாகப் பேசி முடிக்காமல் இழுத்துக்கொண்டிருந்தேன். ஃபோனை எடுக்கக்கூட இல்லை, மனம் மட்டும் அங்கே போய்த் திரும்பியது. அதற்குள் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிட்டார். என் கேமரா கார்டில் இருப்பதெல்லாம் அவர் அக்கா போட்ட அடுத்த முடிச்சுகள்தான். அந்தக் குடும்பம் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அந்த ஆல்பத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்ட எனக்கு இன்னும் மனம் வராது.

கவனம், கற்பனை, தொழில் மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்று புதிதாகக் கேமரா வாங்கிய தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். ஒரே நாளில் மூன்றையும் சுமக்க முடியாது, அதுதான் என் பதில். தொழில் பேச்சை முன்னாடியே முடித்துக் கட்டி வைத்தால்தான் கண் வேலை செய்யும். அதனால் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன்.

உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், பக்கத்து ஊர்க்காரர் என்ன வாங்குகிறார் என்று பார்த்து விலை வைக்காதீர்கள். ஓர் உதாரணம்: கேமராவும் லென்ஸும் சேர்த்து 24,000 ரிங்கிட், நான்கு ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 6,000. கார் எண்ணெய், டோல், சர்வீஸ் 6,000. கணினி, ஹார்ட் டிஸ்க், மென்பொருள் 3,000. காப்புறுதி, இணையம், ஃபோன் இன்னொரு 3,000. வீட்டுக்கு மாதம் 3,500 வேண்டும் என்றால் ஆண்டுக்கு 42,000. ஆக மொத்தம் 60,000. ஆண்டுக்கு 40 வேலை கிடைத்தால் ஒரு வேலைக்கு 1,500 ரிங்கிட் வந்தாக வேண்டும், அதற்குக் கீழே போனால் நீங்கள் கைக்காசைப் போட்டு ஊரார் கல்யாணத்தை எடுக்கிறீர்கள். ஒரு கல்யாணம் என்பது அந்த ஒரு நாள் மட்டும் இல்லை, படம் பிரிப்பது, நிறம் சரிசெய்வது, ஆல்பம் அடுக்குவது என்று அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

தோட்டத்து ஊரில் பெரிய சிக்கல் சொந்தம். எல்லாரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள், “நம்ம வீட்டுக் கல்யாணம்தானே, ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) குறைச்சுக்கோ தம்பி” என்று அத்தை கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று சொல்ல முடியாது. நான் செய்வது இது: விலையைக் குறைக்கமாட்டேன், வேலையைக் குறைப்பேன். “சரி அத்தை, நலங்கை விட்டுவிடலாம், ஆல்பம் 40 பக்கத்துக்குப் பதில் 20 பக்கம் போடலாம்” என்றால் பாதிப் பேர் முழு விலைக்கே வந்துவிடுவார்கள். உண்மையிலேயே செய்யவேண்டிய நெருங்கிய சொந்தம் என்றால் முழுத் தொகைக்குப் பில் போட்டு, விட்டுக்கொடுத்ததை மொய் என்று அதிலேயே எழுதிக் கொடுங்கள். உங்கள் விலை என்னவென்று ஊருக்கும் தெரியும், கொடுத்த மரியாதையும் நிற்கும்.

பணத்தை நான் மூன்றாகப் பிரிக்கிறேன்: தேதி பிடிக்கும்போது பாதி, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு 40 விழுக்காடு, ஆல்பம் கொடுக்கும்போது மீதி. மணமேடை ஏறும் நாளில் பாக்கியைப் பற்றிய பேச்சே வரக்கூடாது.

ஒப்பந்தம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் உங்களை அமர்த்தி எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அவருக்கே போய்விடுகிறது. அமுக்கியது நம் விரல்தான், ஆனால் எழுதி வைக்காவிட்டால் அந்தப் படத்தை உங்கள் இணையப் பக்கத்தில் போடுவதற்குக்கூட உரிமையோடு பேச முடியாது. ‘பதிப்புரிமை படம் எடுப்பவருக்கு, குடும்பம் சொந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அச்சிடலாம்’ என்று இரண்டு வரி சேருங்கள், அதோடு எந்தெந்தப் படங்களை வெளியே காட்டக்கூடாது என்பதை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.எம். என்னும் மலேசிய நிறுவன ஆணையத்தில் செய்யும் தொழில் பதிவை, தொழில் தொடங்கி 30 நாளுக்குள் செய்துவிடவேண்டும், ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்கவேண்டும். நான் செவ்வாய்க்கிழமை காலையை இந்தக் கணக்குக்கும் விலைப் பேச்சுக்கும் என்றே வைத்திருக்கிறேன், மற்ற நாளில் யார் விலை கேட்டாலும் “செவ்வாய்க்கிழமை கூப்பிடுகிறேன் அண்ணே” என்று மரியாதையாக ஒரு செய்தி, அவ்வளவுதான்.

இனி, எடுக்கும் நாள். ஃபோன் காரில் இருக்கட்டும். கூட வரும் தம்பியின் எண்ணைப் பெண் வீட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள். முதல் நாள் மாலையே மண்டபத்துக்குப் போய் மணவறையில் எந்த நிற விளக்கு போடுகிறார்கள், ஓமப்புகை எந்தப் பக்கம் போகிறது, வீடியோ எடுப்பவர் எங்கே நிற்பார் என்று பார்த்து, அவரோடு ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தால் மறுநாள் பாதிச் சண்டை இருக்காது. ஏர்கோன் அறையிலிருந்து வெளியே வந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸ் உடனே வேர்த்துவிடும், பையை மூடியபடியே இருபது முப்பது நிமிடம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறவுங்கள். இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி கேமராவை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறொரு வீட்டில்.

வெளிப்புறப் படத்துக்கு எல்லாரும் பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்கு ஓடுகிறார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்துபோக, கட்டி முடியாமல் நின்ற மாளிகை அது, அழகுதான், ஆனால் அங்கே எடுத்த படங்கள் எல்லாம் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன. உங்கள் ஊரிலேயே ரப்பர்த் தோட்டம் மிச்சம் இருந்தால், ஆண்டின் முதல் சில மாதங்களில் இலை சிவந்து உதிரும் நேரம் பாருங்கள். தோட்ட ஆபீசில் கிராணியிடம் (எழுத்தரிடம்) முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அது தனியார் நிலம். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள்ளே மட்டும் கவனம், மேலே ஓலை, கீழே புல், முகமெல்லாம் பச்சை பூசிய மாதிரி வரும். மணமக்களை மரத்தடியில் நிறுத்தாமல் செம்மண் சாலை ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள், மண்ணிலிருந்து எழும்பும் வெளிச்சம் தோலுக்கு இதமாக இருக்கும். 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதால் இங்கே விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான், மாலையிலும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக இறங்கிச் சட்டென்று இருட்டிவிடும். ஆறே முக்காலுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தால் தாமதம்தான்.

கற்பனைக்கு நேரம் எங்கே என்றால், நம் பஞ்சாங்கமே ஒதுக்கித் தருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. பல பேர் அந்த மாதங்களில் வருமானம் இல்லையே என்று கிடைத்ததை எல்லாம் ஒப்புக்கொள்கிறார்கள். தை, வைகாசி, ஆவணி வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து, அந்த இரண்டு மாதத்தை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காத படத்தை எடுங்கள்.

ஓர் ஆடி மாதம் நான், ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டிகளின் கைகளைப் படம் எடுத்தேன். ஒரு பாட்டி கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, “இதை எதுக்குய்யா எடுக்கிற, மூஞ்சிய எடு” என்றார். கத்தி பிடித்த கட்டைவிரல் ஒரு பக்கமாக வளைந்து போயிருந்தது, உள்ளங்கையில் காய்ப்பு. பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம், ஃபிளாஷ் இல்லை, ஒரே லென்ஸ், ஒரு மணி நேரம் அந்தக் கையை மட்டும் பார்த்தேன். மருதாணிக் கைகளை இன்று நான் எடுக்கும் விதம் அந்த ஜன்னலோரத்தில் கற்றதுதான், அதற்கு முன் எல்லாக் கைகளையும் நேர் ஃபிளாஷில் அடித்துக்கொண்டிருந்தேன். படத்தை அச்சிட்டுச் சட்டம் போட்டு ஆவணி பிறப்பதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, இன்னொரு கையையும் எடுக்கிறாயா என்று கேட்டார்.