போட்ட உரம் வயலில் நிற்கிறதா? நெல் வயலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுவை நெல் நட்டுப் பத்து நாள் ஆனதும் காவிரி டெல்டாவில் எந்த உரக்கடைக்குப் போனாலும் ஒரே பேச்சுதான்: ஏக்கருக்கு எத்தனை மூட்டை? வயலுக்குள் எவ்வளவு போட்டோம் என்ற கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது. அதில் எவ்வளவு காற்றோடு போனது, எவ்வளவு வடிகாலில் போனது, எவ்வளவு வைக்கோல் கட்டோடு லாரி ஏறியது என்ற கணக்கை யாரும் வைத்துக்கொள்வதில்லை. மண்வளம் குறைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கில்தான். காவிரிப் பாசன நெல் வயலில் சத்து எந்தெந்த வழியில் வெளியேறுகிறது, நாம் எங்கே தவறுகிறோம் என்று பார்ப்போம்.

முதலில் யூரியா. ஒரு மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், அதாவது ஏறத்தாழ 20.7 கிலோ. இதை முழங்கால் அளவு தண்ணீரில் மத்தியான வெயிலில் வீசுவதுதான் நம்மிடம் இருக்கிற மிகப் பெரிய தவறு. தண்ணீரில் கரைந்த யூரியா சில நாட்களில் அம்மோனியாவாக மாறும். வெயில் நேரத்தில் வயலில் இருக்கும் பாசியால் தண்ணீரின் காரத்தன்மை கூடுகிறது. காரம் கூடக்கூட அம்மோனியா வேகமாக ஆவியாகிப் போய்விடும். போதாக்குறைக்கு வாமடை, அதாவது வரப்பில் தண்ணீர் வந்து போகும் வாய், திறந்தே இருந்தால் மிச்சம் கரைந்ததும் பக்கத்து வயலுக்குப் போகிறது. வயல் விட்டு வயல் பாயும் இடங்களில் மேட்டு வயல்காரர் போட்ட உரத்தில் பள்ளத்து வயல் பயிர் கருகருவென்று நிற்பதைப் பார்க்கலாம்.

என்ன செய்ய வேண்டும்? களையை எடுத்த பிறகே மேலுரம் (நட்ட பிறகு போடும் உரம்) போட வேண்டும். இல்லாவிட்டால் நாம் வளர்ப்பது களையைத்தான். தண்ணீரை வடித்து, சேறு தெரியும் அளவுக்கு மெல்லிய ஈரம் மட்டும் வைத்து, இலையில் பனி இல்லாத நேரமாகப் பார்த்துத் தூவி, மறுநாள் தண்ணீர் கட்ட வேண்டும். தண்ணீர் மேலிருந்து இறங்கும்போது சத்தும் வேர் இருக்கும் இடத்துக்கு இறங்கும். அப்புறம் இரண்டு மூன்று நாளைக்கு வாமடையைத் திறக்கக் கூடாது. மழைக்காலத்தில் நிற்கும் சம்பா, தாளடிப் பயிர்களில் வானிலைச் செய்தியைக் கேட்காமல் உரம் போடுவதும் இதே கணக்கில்தான் வரும். வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் வரப்பு தாண்டிவிடும். அன்று மாலை போட்ட மூட்டை காலையில் வடிகால் வாய்க்காலில் இருக்கும்.

அளவு தெரியாமல் போடுவது அடுத்தது. பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறதே என்று இன்னொரு அரை மூட்டை போடுகிறோம். அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து இலையை மென்மையாக்கும். இலைச்சுருட்டுப்புழு, புகையான், குலைநோய் எல்லாம் அங்கேதான் முதலில் வரும், கதிர் வைத்ததும் முதலில் சாய்வதும் அந்த வயல்தான். இலை வண்ண அட்டை என்ற சிறிய பிளாஸ்டிக் அட்டை இதற்கென்றே இருக்கிறது. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், நம் நிழல் இலைமேல் விழும்படி நின்று, பத்து நெற்குத்துகளில் மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது எல்லை. பத்தில் ஆறு இலையாவது அதற்குக் கீழே இருந்தால் மட்டும் யூரியா போடலாம். விலை மிகக் குறைவு, படிப்பும் வேண்டியதில்லை. இவ்வளவு எளிய கருவி இருக்கும்போது ஊரில் பலரிடம் இது இல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சரி, வைக்கோலுக்கு வருவோம். முன்பு வைக்கோல் வீட்டு மாட்டுக்குப் போய், சாணமாகி, குப்பைக்குழி வழியாக வயலுக்கே திரும்பி வந்தது. இப்போது அறுவடை இயந்திரம் போன கையோடு கட்டு கட்டும் இயந்திரம் வருகிறது, கட்டுகள் லாரியில் வெளியூருக்குப் போகின்றன. ஒரு டன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியம், அதாவது சாம்பல் சத்து, இருக்கிறது. ஏக்கருக்கு இரண்டு டன் போனால், கிட்டத்தட்ட ஒரு 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் இருக்கும் சாம்பல் சத்து சேர்ந்து போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வைக்கோலை விற்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பணம் பல வீடுகளில் அறுப்புக் கூலிக்கு உதவுகிறது. ஆனால் விலை பேசும்போது அந்தப் பொட்டாஷின் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அடுத்த போகத்தில் அதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். யூரியாவை மட்டும் கூட்டிக்கொண்டு பொட்டாஷை விட்டுவிடுகிற பழக்கத்தால் சாம்பல் சத்து போகம்தோறும் குறைகிறது.

அறுத்த பிறகு வயலில் நிற்கும் தாளைக் கொளுத்துவது இதைவிட மோசம். அதிலிருக்கும் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போகும், கந்தகமும் பெருமளவு போகும். சாம்பல் சத்து சாம்பலில் மிஞ்சினாலும் முதல் காற்றிலும் மழையிலும் அடித்துக்கொண்டு போய்விடும். மேல்மண்ணில் இருக்கும் உயிர்களும் சேர்ந்து எரிகின்றன. அடுத்த நடவுக்கு மூன்று வாரமாவது இடைவெளி இருந்தால் தாளை ஈரத்தோடு மடக்கி உழுதுவிடலாம். இடைவெளி இல்லாமல் உழுது உடனே நட்டால், தாளை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இளம்பயிர் மஞ்சளாகும். அதைப் பார்த்துப் பயந்துதான் பலர் மறுபடி தீக்குச்சியைத் தேடுகிறார்கள். தவறு தாளை உழுததில் இல்லை, அவசரப்பட்டதில் இருக்கிறது.

எருவில் நடக்கும் இழப்பு கண்ணுக்கே தெரிவதில்லை. வெயிலிலும் மழையிலும் குவித்துக் கிடக்கும் குப்பையில் கடைசியில் மிஞ்சுவது சக்கைதான். மாட்டின் கழிவில் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் பெரும்பகுதி மூத்திரத்தில் இருக்கிறது. அது கொட்டகைத் தரையோடு ஊறிப் போகிறது. மாடு கட்டும் இடத்தில் வைக்கோல் கூளத்தையோ காய்ந்த மண்ணையோ பரப்பி, நனைந்ததை அள்ளிக் குழியில் போட்டாலே எருவின் தரம் வேறாகிவிடும். குழி நிழலில் இருக்க வேண்டும், மேலே மண்ணால் மூட வேண்டும். மக்காத சாணத்தை அப்படியே கொட்டினால் களை விதையும் கரையானும் கூடவே வரும். வயலோரம் தென்னை இருந்தால் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கத் தேடுவதும் அந்தக் குப்பைமேட்டைத்தான். இன்னொன்று, எருவை வண்டியில் கொண்டுவந்து வயலில் சிறுசிறு குவியலாகப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் விடுவது. குவியல் இருந்த இடம் மட்டும் பயிர் கொழுக்கும், மற்ற இடம் பட்டினி. கலைப்பதும் உழுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும்.

உரத்துக்காக ஆட்டு மந்தையை வயலில் தங்கவைத்துக் கிடை போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளோடு டெல்டாவுக்கு வருகிறார்கள். ஆட்டு உரம் அந்த வருஷம், மாட்டு உரம் மறு வருஷம் என்று சொல்வது சரியான அனுபவம். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் சீக்கிரம் பலன் தரும். சீக்கிரம் பலன் தருவது சீக்கிரம் வீணாகவும் செய்யும். கிடை எழுந்த பிறகு கோடை மழை வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தால் மூத்திரத்திலிருந்த தழைச்சத்து வெயிலில் போய்விடும். லேசாக ஒரு சால் ஓட்டி மண்ணோடு கலந்துவிடுவது நல்லது. இவ்வளவு செலவு செய்து கிடை போட்ட வயலில் வழக்கமான அடியுர யூரியாவையும் குறைக்காமல் போடுவதில் அர்த்தமே இல்லை.

உரங்களைக் கலப்பதில் சில தவறுகள் வேலையாளின் வசதிக்காக நடக்கின்றன. மணிச்சத்து (பாஸ்பரஸ்) உள்ள டிஏபி உரத்தோடு துத்தநாக சல்பேட்டைக் கலந்து ஒரே வீச்சில் போட்டால் மணிச்சத்தும் துத்தநாகமும் சேர்ந்து கரையாத பொருளாகும், இரண்டும் பயிருக்கு முழுதாகக் கிடைக்காது. துத்தநாக சல்பேட்டை ஏக்கருக்கு 10 கிலோ, 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, பரம்படித்து வயலைச் சமன் செய்த பிறகு நடவுக்குச் சற்று முன்னால் தனியாகத் தூவுவதுதான் முறை. விட்டுப்போய் இலையில் துருப்புள்ளி வந்துவிட்டால், 200 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ துத்தநாக சல்பேட்டும் இரண்டு கிலோ யூரியாவும் கரைத்துத் தெளிக்கலாம். யூரியாவைச் சாம்பலோடு கலக்கக் கூடாது. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள் இரண்டும் உயிருள்ளவை. ரசாயன உரத்தோடு கலந்தாலும், வெயிலில் வைத்தாலும் சாகும். தொழுவுரத்தில் கலந்து தனியாகப் போட வேண்டும். விதையைப் பூஞ்சாணக்கொல்லியில் நேர்த்தி செய்தால் 24 மணி நேரம் கழித்தே நுண்ணுயிர் உரத்தைத் தொட வேண்டும்.

ஜீவாமிர்தம் ஊற்றுகிறேன், அது போதும் என்று சிலர் சொல்கிறார்கள். 10 கிலோ சாணமும் 10 லிட்டர் கோமியமும் கொண்ட 200 லிட்டர் கரைசலில் ஒரு ஏக்கர் நெல்லுக்கு வேண்டிய சத்து இல்லை. அது மண்ணிலிருக்கும் உயிர்களைத் தூண்டும். அந்த உயிர்கள் தின்ன மக்கும் பொருள் மண்ணில் இருக்க வேண்டும். தழையும் எருவும் இல்லாத மண்ணில் கரைசல் மட்டும் ஊற்றுவது பலன் தராது.

அந்தத் தழைக்கு நல்ல வழி பசுந்தாள் உரம். சித்திரை, வைகாசி மழையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்தால் 45 நாளில் பூவெடுக்கும். அப்போதே மடக்கி உழ வேண்டும். இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று விட்டால் தண்டு நாராகி, மக்கவும் நாளாகும், ரோட்டவேட்டரிலும் சுற்றிக்கொள்ளும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஐ வைத்துப் பின்னோக்கி எண்ணினால் விதைக்க வேண்டிய நாள் கிடைத்துவிடும்.

ரோட்டவேட்டர் என்றதும் ஒன்று. அது நான்கைந்து அங்குலத்துக்குக் கீழே போவதில்லை. போகத்துக்குப் போகம் அதையே ஓட்டினால், அதுவும் சேற்றில், அடியில் ஒரு கெட்டி அடுக்கு உண்டாகிறது. நெல்லுக்குத் தண்ணீர் நிற்க அது ஓரளவு உதவும். ஆனால் அதே வயலில் கோடையில் உளுந்தோ பருத்தியோ போடுகிறவர்களுக்கு வேர் இறங்காது. கோடையில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பையை 40 செ.மீ. ஆழத்துக்கு ஓட்டினால் போதும். ஈரத்தில் ஓட்டினால் பலன் இல்லை, இன்னும் இறுகும்.

மண் பரிசோதனை எல்லோரும் அறிந்ததுதான், மண்வள அட்டைத் திட்டம் 2015 முதல் இருக்கிறது. மாதிரி எடுக்கும் விதத்தில்தான் முடிவு கெட்டுப்போகிறது. வரப்போரம், மர நிழல், குப்பை கொட்டிய இடம், வாய்க்கால் ஓரம் எதிலும் எடுக்கக் கூடாது. உரம் போட்ட உடனேயும் கூடாது. பத்துப் பதினைந்து இடத்தில் மேலே கிடக்கும் சருகை நீக்கி, அரை அடி ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்து வடிவில் வெட்டி, அதன் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளித் தள்ளி அரை கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட வேண்டும். பழைய உரச் சாக்கில் போட்டால் சாக்கிலிருக்கும் உரமும் முடிவில் வரும்! முடிவு வந்ததும் அங்ககக் கரிமத்தை முதலில் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எந்த மூட்டையையும்விடத் தழையும் எருவும்தான் அவசரத் தேவை.

உப்பின் நிலையும் கார அமில நிலையும் அதே அட்டையில் இருக்கும். உவரும் களரும் வேறு. உவர் நிலத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதற்கு வேண்டியது நல்ல தண்ணீரும் வடிகாலும், ஜிப்சம் அல்ல. களர் நிலத்தில் கார அமில நிலை 8.5க்கு மேல் இருக்கும், தண்ணீர் இறங்காது, காய்ந்தால் கல்லாகும். அதற்குத்தான் ஜிப்சம், அதுவும் ஆய்வகம் சொல்லும் அளவில். ஜிப்சத்தைப் போட்டுத் தண்ணீர் தேக்கி, பிறகு வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாமல் போட்டால் இடம்பெயர்ந்த உப்பு அங்கேயே நிற்கும். போர் தண்ணீரையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். பல வயல்களைக் கெடுப்பது அந்தத் தண்ணீர்தான்.

அன்றாட வேலைகளில் இன்னும் சில. வரப்பு வெட்டி அண்டை கட்டும்போது நண்டு வளைகளை அடைக்காமல் விட்டால் உரம் கரைந்த தண்ணீர் ராத்திரியில் ஒழுகும். உளுந்து அறுவடையில் செடியைப் பிடுங்காமல் அறுத்தால் வேரும் முடிச்சும் மண்ணிலேயே தங்கும். 2,4-டி களைக்கொல்லி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்கு மருந்து அடித்தால் இலை சுருண்டு செடி கெடும்; முடிந்தால் களைக்கொல்லிக்கென்று ஒரு தெளிப்பானைத் தனியாக வையுங்கள். யூரியா கரைத்த வாளியையும் உரச் சாக்கு அலசிய தண்ணீரையும் மாடு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. அதைக் குடித்த மாடு நடுங்கி, வயிறு உப்பி, சிறிது நேரத்தில் விழுந்துவிடும். அப்படி ஒரு அறிகுறி தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.