பைக் சீட்டைச் சரிசெய்தல்: முதலில் பஞ்சு, பிறகு உறை

பைக்கின் சீட்டை எடுத்துக்கொண்டு குஷன் கடைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ரெக்சின் நிறங்களைத்தான். ஆனால் பல ஆண்டுகள் ஓடிய ஒரு ஸ்பிளெண்டரிலோ புல்லட்டிலோ, பெரும்பாலும் உறை கிழிவதற்கு முன்பே உள்ளிருக்கும் பஞ்சு உட்கார்ந்துபோயிருக்கும். பஞ்சு தளர்ந்ததால்தான் உறையில் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பிலேயே ரெக்சின் வெடித்திருக்கும். இதைக் கவனிக்காமல் புது உறையை மட்டும் இழுத்து மாட்டினால், சில மாதங்களில் அதுவும் தொளதொளத்துவிடும். ஆகவே கோளாறு உறையிலா, பஞ்சிலா, அடித்தட்டிலா என்பதைக் கடைக்குப் போகுமுன் நாமே பார்த்துக்கொள்வது நல்லது.

சீட்டைக் கழற்றுவது கடினமன்று. சில வண்டிகளில் சாவியைத் திருப்பினால் போதும். மற்றவற்றில் பக்க மூடியை எடுத்துவிட்டுப் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். கழற்றிய சீட்டை மேசைமேல் வைத்து, நாம் வழக்கமாக அமரும் இடத்தில் முழங்கையை ஊன்றி உடல் எடையைக் கொடுத்து அழுத்திப் பாருங்கள். அடித்தட்டின் கெட்டித்தன்மை கையில் தட்டுப்பட்டாலோ, கையை எடுத்த பிறகும் பள்ளம் நிரம்ப நேரம் பிடித்தாலோ, பஞ்சின் ஆயுள் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். நாம் பஞ்சு என்று சொல்வது உண்மையில் அச்சில் வார்த்த பாலியூரித்தேன் ஃபோம். அதன் நுண்ணிய அறைகளின் சுவர்கள் உடைந்துவிட்டால் எத்தனை நாள் ஓய்வு கொடுத்தாலும் அது மீளாது. பிறகு சீட்டைக் கவிழ்த்து, பிளாஸ்டிக் தட்டில் விரிசலோ, பழைய வண்டியாக இருந்தால் தகரத் தட்டில் துருவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டின் அடியில் இருக்கும் ரப்பர் கட்டைகளையும் எண்ணிவிடுங்கள். அவற்றில் ஒன்று விழுந்திருந்தாலும் எடை முழுவதும் மற்ற இடங்களில் இறங்கி, தட்டு அங்கே விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்ட தட்டின்மேல் எவ்வளவு நல்ல ஃபோம் வைத்தாலும் பயனில்லை.

பஞ்சு நல்ல நிலையில் இருந்து, மழைநீரை மட்டும் குடித்திருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை. உறையை நீக்கி, பிழியாமல் இரு உள்ளங்கைகளாலும் அழுத்தி நீரை வெளியேற்றி, காற்றோட்டமான நிழலில் நிமிர்த்தி வைத்தால் இரண்டு மூன்று நாட்களில் காய்ந்துவிடும். வெயிலில் நாள்கணக்கில் போட்டுவிடக் கூடாது. நேரடி வெயில் பட்ட பாலியூரித்தேன் மஞ்சளித்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிரத் தொடங்கும்.

பஞ்சை மாற்றத்தான் வேண்டும் என்றால், கடைக்காரர் சொல்லும் ‘டென்சிட்டி’ என்ற சொல்லைப் புரிந்துகொள்வது அவசியம். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை இருக்கும் என்பது பொருள். அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. அடர்த்தி அதிகமானால் பொதுவாக ஃபோம் நெடுநாள் உழைக்கும். கெட்டியா மென்மையா என்பது தனிக் கணக்கு, அதைக் கையால் அழுத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் அழுத்தும்போது மெத்தென்று சுகமாக இருக்கும் ஃபோமையே பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுதான் தவறு. அரைமணி நேரப் பயணத்தில் அது முழுவதும் அமுங்கி, நம் உட்காரும் எலும்புகள் இரண்டும் நேராகத் தட்டின்மேல் நின்றுவிடும். அடியில் கெட்டியான ஃபோம் அல்லது துண்டுகளை அழுத்திச் செய்த ரீபாண்டட் ஃபோம், மேலே ஓரளவு மென்மையான மெல்லிய அடுக்கு என்ற வரிசைதான் தொலைதூரம் ஓட்டுபவருக்கு ஏற்றது. ஜெல் அட்டை வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நம் ஊர் வெயிலில் நிறுத்திய வண்டியில் அது சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஏறி அமர்பவரைக் காய்ச்சிவிடும்.

இயலுமானவரை பழைய அச்சுப் பஞ்சை முழுவதும் எறிந்துவிடாமல், கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புது ஃபோமைப் பதிப்பதே சிறந்தது. ஏனெனில் தட்டின் வளைவுகளுக்கும் மேடுபள்ளங்களுக்கும் இசைந்து வார்க்கப்பட்ட அந்த வடிவத்தைத் தட்டையான ஃபோம் ஷீட்டிலிருந்து செதுக்கிக் கொண்டுவருவது எளிதன்று. ஒருமுறை நான் வேலைக்குக் கொடுத்த சீட்டில், நன்றாக இருந்த பின்பகுதிப் பஞ்சையும் எடுத்துவிட்டு, ஏதோ சோபாவின் மிச்சத்தை அடைத்துக் கொடுத்துவிட்டார்கள். உறையைப் பிரித்துப் பார்க்கும்வரை எனக்குத் தெரியவில்லை. அதிலிருந்து, கொடுக்கும் முன்பே உறையைப் பிரித்து, பஞ்சைப் படம் எடுத்து, அதன் அடியில் பேனாவால் ஓர் அடையாளமும் இட்டுவிடுகிறேன். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கத்திலும் உள்ள கடைகளில் கூட நின்று வேலை வாங்கிக்கொள்ளலாம். மற்ற ஊர்களில் மெக்கானிக் கடைகளை ஒட்டியே குஷன் வேலை செய்பவர் ஒருவர் இருப்பார்.

வடிவத்தை மாற்றுவதில்தான் நிதானம் தேவை. கால் தரையில் எட்டவில்லை என்பவர்கள் சீட்டின் உயரத்தைக் குறைக்கச் சொல்வார்கள். ஆனால் தொடைகள் இறங்கும் முன்பகுதியின் இரு ஓரங்களையும் சரிவாகச் செதுக்கினாலே கால் நேராக இறங்கி, பஞ்சின் கனம் குறையாமலே தரை எட்டிவிடுவதுண்டு. முதலில் அதைச் செய்து பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் மட்டும் மேற்பரப்பில் ஒரு சென்டிமீட்டர் எடுக்கலாம். எடுத்த ஃபோமைத் திரும்ப ஒட்டுவது கடினம். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டாங்க் பக்கம் வழுக்குகிறது என்றால், அமரும் இடம் முன்னோக்கிச் சரிந்திருக்கிறது என்று பொருள். அங்கே முன்பக்கம் மெல்லியதாகத் தொடங்கிப் பின்பக்கம் ஆழமாகும்படி ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தால் பரப்பு மட்டமாகிவிடும். நீளமான மெல்லிய கத்தியோ ஆக்சா பிளேடோ கொண்டு வெட்டி, சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்த்து மட்டப்படுத்த வேண்டும். ஒட்டும்போது எஸ்.ஆர். எனப்படும் ரப்பர் பசையை இரு பரப்புகளிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் ஒரே முறையில் வைத்து அழுத்த வேண்டும். பசைக்கோடு மேற்பரப்பில் வந்துவிட்டால் அது காய்ந்து கெட்டியாகி, அமரும்போது உறுத்தும். இதற்குப் பிறகு பழைய உறையையே நான்கைந்து ஸ்டேப்ளர் பின்களால் மாட்டி, ஊருக்குள் இரண்டு நாள் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் புது உறைக்குப் போகலாம்.

உறையைப் பொறுத்தவரை, பழையதைத் தையல் பிரித்து அளவாக வைத்தே புதியதை வெட்டுவார்கள். நாம் கேட்க வேண்டியவை சிலவே. நூல் பருத்தியாக இல்லாமல் பாலியெஸ்டராகவோ நைலானாகவோ இருக்க வேண்டும். தையல் அமரும் பரப்பில் வராமல் பக்கங்களில் இறங்க வேண்டும். வைரக்கட்டங்கள் போட்ட உறை கண்ணுக்கு அழகுதான், ஆனால் ஒவ்வொரு தையல் துளையும் மழைநீர் இறங்கும் வாசல். அவ்வாறுதான் வேண்டும் என்பவர்கள், பஞ்சுக்கும் உறைக்கும் நடுவே ஒரு பாலித்தீன் தாளை விரிக்கச் சொல்லட்டும். தட்டின் அடியிலுள்ள சிறு துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது, அடைத்தால் உள்ளே போன நீரும் காற்றும் வெளியேற வழியில்லாமல் போகும்.

மாட்டுவதற்கு முன் ரெக்சினைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் அது இளகி, சுருக்கமின்றி இழுபடும். நடுக்கோட்டைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டு, முன்பக்க நடுவில் ஒரு பின், பின்பக்க நடுவில் ஒரு பின், பிறகு இடமும் வலமும் மாறி மாறி என்று நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போக வேண்டும். வளைவுகளைக் கடைசியில்தான் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் தையல் கோணிக்கொள்ளும். துருப்பிடிக்காத ஸ்டீல் பின்களைக் கேட்டு வாங்குங்கள். தகரத் தட்டில் பின் அடிக்க முடியாது; அதன் விளிம்பிலுள்ள பற்களில் உறையைக் குத்தி மடக்குவார்கள், அந்தப் பற்கள் ஏற்கெனவே பலமுறை வளைந்தவையாக இருந்தால் ஒடிந்துவிடும் என்பதால் மெதுவாக நிமிர்த்த வேண்டும்.

புது உறை போட்டதும் சீட்டின் குறுக்கே இருந்த பிடிவாரை வேண்டாமென்று விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. பின்னால் அமர்பவருக்கு நிலையான கைப்பிடி இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி சொல்கிறது. உங்கள் வண்டியில் பக்கவாட்டிலோ பின்னாலோ வேறு பிடி இல்லையென்றால் அந்த வார் கட்டாயம் திரும்ப வர வேண்டும். சீட்டை வண்டியில் பொருத்தும்போது முன்நாக்கு அதற்குரிய இடுக்கில் முழுவதும் நுழைந்ததா என்று பார்த்து, பூட்டு விழுந்தபின் வாலைப் பிடித்து மேலே ஒருமுறை பலமாகத் தூக்கிப் பாருங்கள். கனம் கூடிய புதுப் பஞ்சாலோ மடித்து வைத்த ரெக்சினாலோ பூட்டு பாதியில் நின்றிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.